பழைய கார் சாவி ரிமோட்: வண்டியை ஒட்டி நின்றால்தான் வேலை செய்கிறது, ரேஞ்சைக் கூட்ட வழி உண்டா?

கொங்குவண்டி

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2009 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி ரிமோட் கிடையாது, முந்தைய ஓனர் வெளியே போட்ட சென்ட்ரல் லாக் கிட்தான். வாங்கிய புதிதில் மாடி பால்கனியிலிருந்து அமுக்கினாலே தெருவில் நிற்கும் வண்டி இண்டிகேட்டரை மின்னிப் பூட்டிக்கொள்ளும். இப்போது டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் போய் கையை நீட்டி இரண்டு மூன்று தடவை அமுக்க வேண்டியிருக்கிறது, அதற்குச் சாவியைத் துளையில் போட்டே திறந்துவிடலாம். பேட்டரி மாற்றியாகிவிட்டது (12 வோல்ட் சின்ன உருளை, 27ஏ). அமுக்கினால் ரிமோட்டின் சிவப்பு விளக்கு நன்றாகவே எரிகிறது. ரிமோட்டுக்குள் ஒரு ஒயரைச் சால்டர் செய்து ஆன்டெனாவை நீட்டினால் ரேஞ்ச் கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்து பார்க்கலாமா?

மதுரைக்காரன்75

சார், கிட்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள். ஆயிரத்துச் சொச்சத்துக்குப் புதுசு கிடைக்கிறது, இரண்டு ரிமோட்டும் கூடவே வரும். கதவு மோட்டாரெல்லாம் அப்படியே இருக்கட்டும், கண்ட்ரோல் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். பழைய சாமானைக் கிண்டிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம்.

பழையசாலிடர்

மாற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. இரண்டாவது ரிமோட் இருக்கிறதா? அதுவும் இதே மாதிரிதான் மக்கர் செய்கிறதா? இது தெரியாமல் ரிமோட்டைத் திறக்கவே வேண்டாம். ஒன்று மட்டும் மந்தம் என்றால் கோளாறு ரிமோட்டில், இரண்டும் சேர்ந்து மந்தம் என்றால் அநேகமாக வண்டிக்குள்ளே. ரேஞ்ச் குறைந்தால் எல்லாரும் கையில் இருக்கும் சாவியையே போட்டு நோண்டுகிறார்கள், கேட்கும் காது டாஷ்போர்டுக்கு அடியில் இருப்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு. அது எரிவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்ஈடி எரிய ஒன்றிரண்டு மில்லிஆம்ப் போதும், அலையை அனுப்பும் பகுதி அதைவிடப் பல மடங்கு இழுக்கும். 27ஏ பேட்டரி என்பது உள்ளே எட்டு குட்டி பட்டன் செல்களை அடுக்கி வைத்த உருளை, மொத்தக் கொள்ளளவே சுமார் 20 மில்லிஆம்ப் ஹவர்தான். கடையில் இரண்டு வருடம் தொங்கிய அட்டையிலிருந்து கிழித்துக் கொடுத்தால் 'புது' பேட்டரியே அரை உயிரில்தான் இருக்கும். மல்டிமீட்டரில் சும்மா வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் காட்டிவிடும், அதை நம்பாதீர்கள். ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரை பேட்டரிக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு அளந்து பாருங்கள், 12 மில்லிஆம்ப் அளவுக்கு இழுக்கும். அப்போதும் 11-க்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது. 9, 8 என்று இறங்கிக்கொண்டே போனால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பேட்டரியைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மெதுவாக நிமிர்த்துங்கள். அந்த ஸ்பிரிங்கின் கால் சர்க்யூட் பலகையில் சேரும் இடத்தில் சால்டரைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்ட விரிசல் விழுந்திருக்கும், லென்ஸ் வைத்தால்தான் தெரியும். சாவி கீழே விழுந்து விழுந்து வருவது. சால்டரிங் அயர்னால் ஒரு தொடு தொட்டால் சரியாகிவிடும்.

அலைவரிசை

பழையசாலிடர் சொன்னதோடு சேர்த்து அந்த ஒயர் விஷயத்துக்கு வருகிறேன். ரிமோட்டில் ஒயர் வைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. இந்தியாவில் கிடைக்கும் கிட்கள் அநேகமாக எல்லாமே 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. ரிமோட்டின் பலகை ஓரமாக ஒரு செப்புக் கோடு சுற்றி ஓடும், அதுதான் ஆன்டெனா. ஆனால் அது வெறும் ஆன்டெனா இல்லை, பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரோடு சேர்ந்து டியூன் செய்யப்பட்ட சுற்றின் ஒரு பகுதி. அதில் ஒயரை ஒட்டினால் டியூனிங் கலைந்துவிடும். வீடியோவில் கூடியது போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் குறையத்தான் செய்யும், கூடினாலும் வேண்டாத அலைவரிசைகளிலும் சேர்த்துக் கத்த ஆரம்பிக்கும். இந்த அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்பதே சக்தி குறைவாக இருக்கும் வரைதான்.

கணக்கும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் திறந்த வெளியிலேயே சக்தி நான்கு மடங்காக வேண்டும். தரையை ஒட்டி, நாலு வண்டிக்கு நடுவில் என்றால் அதைவிட அதிகம். ஒரு பொட்டு பேட்டரியில் அது நடக்காது. அதே முயற்சியை வண்டிப் பக்கம் செய்தால் பலன் நிறைய. ரிசீவர் பெட்டியிலிருந்து ஒற்றை ஒயர் ஒன்று எங்கேயும் சேராமல் சும்மா தொங்கும், அதுதான் அதன் ஆன்டெனா. 433.92-க்கு அலைநீளம் 69 சென்டிமீட்டர், கால் அலை 17.3 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒயர் நேராக, தகரத்தை விட்டு விலகி இருக்க வேண்டும். கிட் மாட்டியவரோ, பிற்பாடு ஸ்டீரியோ மாட்டியவரோ அதைச் சுருட்டி மற்ற ஒயர்களோடு டேப் போட்டுக் கட்டியிருந்தால் ரேஞ்ச் கோவிந்தா. சிலர் 'எதுக்கு இந்த ஒயர்' என்று வெட்டியே விட்டிருப்பார்கள்.

மதுரைக்காரன்75

> ரிசீவர் பெட்டியிலிருந்து ஒற்றை ஒயர்

அது சரி. ஆனால் ஓனர் சொல்வது முன்னால் நன்றாக இருந்தது, இப்போது குறைந்துவிட்டது என்று. ஒயர் தானாகவா சுருண்டுகொண்டது?

பழையசாலிடர்

நியாயமான கேள்வி அண்ணே. அதனால்தான் அடுத்த கேள்வி. கொங்குவண்டி, வண்டி வாங்கியதற்குப் பிறகு புதிதாக என்னென்ன மாட்டினீர்கள்? கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, சிகரெட் லைட்டரில் செருகும் யுஎஸ்பி சார்ஜர், எல்ஈடி பல்பு, ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள். சாதாரணமாகத் தெரியும் சாமான்தான் இங்கே வில்லன்.

அண்ணாநகர்_அப்பா

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், இதே தலைவலி எனக்கும் உண்டு. ஆனால் என்னுடையது கம்பெனி ஃப்ளிப் சாவி, சிஆர்2032 பேட்டரி. தாடையில் சாவியை ஒட்டிவைத்து அமுக்கினால் தூரம் கூடும் என்று மகன் சொன்னான், சிரித்தேன். செய்து பார்த்தால் உண்மையாகவே கூடுகிறது! அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இது உடம்புக்குக் கெடுதலா?

அலைவரிசை

கெடுதல் இல்லை சார். ரிமோட்டின் சக்தி மில்லிவாட் கணக்கில்தான், காதில் வைக்கும் செல்போன் அதைவிடப் பல மடங்கு அனுப்புகிறது. தலை நிறையத் தண்ணீர், அலையோடு இணைந்து அதுவும் சேர்ந்து கதிர்வீசுகிறது. தண்ணீர் நிரம்பிய பெரிய பாட்டிலை ஒட்டிப் பிடித்தாலும் ஓரளவுக்கு இதே வேலை நடக்கும். கூடுதலாக ஒரு லாபமும் உண்டு: இடுப்பிலிருந்து தலைக்குச் சாவியைத் தூக்கும்போதே உயரம் கூடிவிடுகிறது, நடுவில் நிற்கும் வண்டிகளின் தகரத்தைத் தாண்டி அலை போகிறது. வெறுமனே கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், பாதி வித்தியாசம் அதிலேயே வந்துவிடும்.

ஆனால் தாடையில் வைத்தால்தான் திறக்கிறது என்ற நிலைமையே ஏதோ பலவீனம் இருப்பதற்கு அடையாளம். அதைத் தேடுங்கள். உங்கள் பார்க்கிங்கில் மட்டும்தான் இப்படியா, வேறு இடத்திலும் இதே கதையா?

அண்ணாநகர்_அப்பா

இதை யோசிக்கவே இல்லை. ஆபீஸில் பரவாயில்லாமல் இருக்கிறது. வீட்டில்தான் மோசம்.

அலைவரிசை

அப்படியானால் சாவியை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். 433-ல் உங்கள் சாவி மட்டும் இல்லை. கேட் ரிமோட், ஒயரில்லா காலிங் பெல், வானிலை காட்டும் பொம்மைக் கடிகாரம், டயர் பிரஷர் சென்சார் எல்லாம் அங்கேதான். அதில் ஒன்று பட்டன் சிக்கிக்கொண்டு இடைவிடாமல் கத்தினால் சுற்றியுள்ள எல்லா வண்டிக்கும் காது அடைக்கும். 2019-ல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு தெருப்பகுதி முழுவதும் கார் சாவியும் கராஜ் ரிமோட்டும் வேலை செய்யாமல் போயின. வாரக்கணக்கில் தேடிய பிறகு, அங்கே குடியிருந்த ஒருவர் தன் வீட்டுக்குள் யாராவது மேலே இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத் தானே செய்து வைத்த பேட்டரி கருவி தொடர்ந்து 315 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அவருக்கே அது தெரியாது.

பக்கத்து பார்க்கிங்காரர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் இதே கதை என்றால் அசோசியேஷன் கூட்டத்தில் எழுப்ப வேண்டிய விஷயம். மொட்டை மாடியில் ஹாம் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலிக்காரர்) ஆன்டெனா இருந்தால் அந்த மனிதரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நம் நாட்டில் ஹாம்களுக்கு 434 முதல் 438 வரை அனுமதி உண்டு, பக்கத்து அலைவரிசை என்பதால் அவர் பேசும் நேரத்தில் மட்டும் மலிவான ரிசீவர்கள் திணறும். மேலும் மூலத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உங்களுக்கு உதவக்கூடிய ஒரே ஆளும் அவர்தான் (சுயவிளம்பரம், மன்னிக்கவும்).

கொங்குவண்டி

வந்துவிட்டேன். இரண்டாவது ரிமோட் பீரோவில் இருந்தது, பேட்டரி போட்டுப் பார்த்தேன், அதுவும் அதே மந்தம். பேட்டரியை ரெசிஸ்டர் வைத்து அளந்தேன், 11.4-ல் நிற்கிறது, ஆக பேட்டரி குற்றவாளி இல்லை. மாட்டியது என்று பார்த்தால் முன் கண்ணாடியில் ஒரு டேஷ்கேம். பார்க்கிங்கில் யாராவது இடித்தால் பதிவாகட்டும் என்று சாவி எடுத்த பிறகும் ஓடும்படி ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேராக எடுத்திருக்கிறார்கள். வேறு எதுவும் இல்லை.

பழையசாலிடர்

அதேதான்! கேமராவின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ரிமோட்டை அமுக்கிப் பாருங்கள். கேமரா பட்டனை அணைத்தால் மட்டும் போதாது, அந்த 12-லிருந்து 5 வோல்ட் ஆக்கும் குட்டி கன்வெர்ட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஸ்விட்ச் ஆகிறது, மலிவாகச் செய்தால் ஃபில்டர் என்று ஒன்றும் இருக்காது, அதன் இரைச்சல் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை எட்டும். ஒயர் ஏ பில்லர் (முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூண்) வழியாக இறங்கி உங்கள் ரிசீவர் பெட்டியை உரசிக்கொண்டுதான் ஃபியூஸ் பாக்ஸுக்குப் போகும். இந்தக் கிட்களில் இருக்கும் ரிசீவர் அகலமான காது உடையது, வேண்டியது வேண்டாதது எல்லாம் கேட்கும். இரைச்சல் கூடினால் ரிமோட்டின் சத்தம் அதில் அமுங்கிப் போகிறது. ரிமோட் அன்றைக்கு அனுப்பியதைத்தான் இன்றைக்கும் அனுப்புகிறது.

யாழ்_சாரதி

வணக்கம் அண்ணை. இலங்கையிலிருந்து எழுதுகிறேன். என்னுடைய கார் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தது. றிமோட் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் எடுக்காது. பற்றரி புதிது. பழசாகி விட்டதாக்கும் என்று ஒன்லைனில் அச்சொட்டாக அதே வடிவில் ஒன்று எடுத்தேன், வாகனம் அதை ஏற்கவே மாட்டேன் என்கிறது. புரோகிராம் பண்ணின பெடியன் எல்லா முறையும் பார்த்துவிட்டான்.

அலைவரிசை

தம்பி, புதியதைத் திறந்து பலகையில் வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு சின்ன உலோக மூடி போட்ட பாகம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் ஆர்433 என்று தொடங்கி ஏதாவது எழுதியிருந்தால் அங்கேயே விடை. ஜப்பான் உள்நாட்டு வண்டிகளில் 315-ஐ ஒட்டிய அலைவரிசைதான் வழக்கம். 315-க்குக் காத்திருக்கும் ரிசீவரிடம் 433-ல் என்ன சொன்னாலும் கேட்காது, எந்த புரோகிராமாலும் அதை மாற்ற முடியாது. வாங்கும்போது வடிவத்தைப் பார்க்காமல் அலைவரிசையையும் உள்ளே இருக்கும் சிப் வகையையும் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் பழைய றிமோட்டில் கோளாறே இல்லாமலும் இருக்கலாம். ஜப்பானில் உரிமமே தேவைப்படாத மிகப் பலவீனமான அலைக்கு ஒரு வரம்பு உண்டு: 322 மெகாஹெர்ட்ஸ் வரை, 3 மீட்டர் தள்ளி அளந்தால் மீட்டருக்கு 500 மைக்ரோவோல்ட்தான் இருக்கலாம். அதற்கு மேலே போனால் வெறும் 35. அந்த 322-க்குள் அடங்குவதால்தான் 315 அங்கே வசதியானது. அந்த வரம்புக்குள் செய்த சாவி பிறவியிலேயே குரல் குறைந்தது. ஐரோப்பாவுக்குப் போன அதே மாடலோடு ஒப்பிட்டு ஏங்க வேண்டாம்.

யாழ்_சாரதி

ஓம் அண்ணை, ஆர்433 என்றுதான் கிடக்கு. இவ்வளவு நாளும் பெடியனைப் பேசிக்கொண்டு இருந்தனான். பழையதையே பாவிக்கிறேன், நன்றி.

கொங்குவண்டி

ஃபியூஸைப் பிடுங்கினேன். வீட்டுக் கேட்டிலிருந்து வேலை செய்கிறது! சுமார் பத்து மீட்டர். திரும்பப் போட்டால் மறுபடி கதவுக்குப் பக்கம். பிடுங்கினால் கேட். நம்பவே முடியவில்லை, பிள்ளைகள் மாதிரி போட்டுப் போட்டுப் பார்த்தோம். ஆனாலும் பால்கனிக்கு இன்னும் எட்டவில்லை.

ஸ்டீரிங்குக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கறுப்புப் பெட்டி, அதிலிருந்து கறுப்பாக மெல்லிய ஒயர் ஒன்று வருகிறது, அலைவரிசை சொன்ன மாதிரியே சுருட்டி பெரிய ஒயர்க் கட்டோடு டேப் போட்டிருக்கிறது. டேப் மட்டும் புதிதாக, பளபளப்பாக இருக்கிறது. கேமராக்காரர் கைவரிசை போல.

அலைவரிசை

அந்த டேப்பைப் பிரியுங்கள். ஒயரை வெட்ட வேண்டாம், நீட்ட வேண்டாம், கிட்டோடு வந்த நீளமே சரியாக இருக்கும், அளந்து மட்டும் பாருங்கள். உங்கள் மாடலில் பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் இல்லை என்றால் ஏ பில்லர் பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தில், முன் கண்ணாடியை ஒட்டி நேராக மேலே ஏற்றிவிடுங்கள். ஏர்பேக் இருக்கும் வண்டியென்றால் பில்லரைத் தொடாதீர்கள், டாஷ்போர்டின் மேல் ஓரத்தில் கண்ணாடிக்கு அடியில் படுக்க வைத்தால் போதும். கேமரா ஒயர் எந்தப் பில்லரோ அதற்கு எதிர்ப்பக்கம் போனால் இன்னும் நல்லது, பெட்டியை நகர்த்த முடிந்தால்.

கண்ணாடியில் பழைய சன் ஃபிலிம் இருக்கிறதா? 2012-ல் உச்ச நீதிமன்றம் கருப்பு ஃபிலிமுக்குத் தடை போட்ட பிறகும் சில பழைய வண்டிகளில் பின்கண்ணாடியில் அப்படியே இருக்கும். உலோகப் பூச்சு உள்ள ரகம் என்றால் அலையை நன்றாகவே மறைக்கும்.

பழையசாலிடர்

கேமராவுக்கு இரண்டு வழி. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு மாற்றிவிட்டால், பூட்டித் திறக்கும் நேரத்தில் கேமரா தூங்கும், இரைச்சல் பிரச்சினையே இல்லை. ஆனால் பார்க்கிங் பதிவு போய்விடும். அது வேண்டும் என்றால் கொஞ்சம் நல்ல கன்வெர்ட்டராகப் பார்த்து மாற்றுங்கள், அதன் இரண்டு பக்க ஒயரிலும் கன்வெர்ட்டரை ஒட்டியே கிளிப் போல மாட்டும், இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போடுங்கள், ஒயரை அந்த ஓட்டையிலேயே இரண்டு மூன்று சுற்று சுற்றினால் பலன் கூடும். என் ஓட்டு முதல் வழிக்கு. பழைய வண்டியில் இரவெல்லாம் கேமரா ஓடினால் கார் பேட்டரியும் காலையில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

மதுரைக்காரன்75

சரி சரி, ஒப்புக்கொள்கிறேன், கிட் மாற்றினாலும் அந்தக் கேமரா இருக்கும் வரை புது கிட்டும் இதே பாடுதான் பட்டிருக்கும்.

அண்ணாநகர்_அப்பா

எங்கள் பிளாக்கில் விசாரித்தேன், இன்னும் இரண்டு பேருக்கு இதே புகார். தரைத்தளத்தில் ஒரு வீட்டின் ஒயரில்லா காலிங் பெல் பட்டன் மழையில் ஊறி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அதன் பேட்டரியைக் கழற்றியதும் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. வைத்திருந்தவர் 'பெல் ரொம்ப நாளாக அடிக்கவே இல்லை' என்கிறார், வேடிக்கை!

ஒரு சந்தேகம். என் சாவியின் ரப்பர் பட்டன் கிழிந்திருக்கிறது, வெளிக்கூட்டை மட்டும் மாற்றலாம் என்று இருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் தெருவோரக் கடையில் கூடு மாற்றிக்கொண்டு வந்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் உடனே நின்றுவிடுகிறது என்று புலம்பினார். எதனால் அப்படி ஆகும்?

பழையசாலிடர்

இம்மொபிலைசர் சிப் (சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓட விடாத திருட்டுத் தடுப்பு) பழைய கூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. பூட்டுவது திறப்பது 433, என்ஜினை அனுமதிப்பது தனி ஆள், சாவித்துளையைச் சுற்றியிருக்கும் வளையம் 125 கிலோஹெர்ட்ஸில் அதை எழுப்பிக் கேட்கும், அதற்குப் பேட்டரியே வேண்டாம். அரிசி மாதிரி கண்ணாடிக் குழாயாகவோ, கறுப்புச் சதுரக் கட்டியாகவோ சாவித் தகட்டின் பக்கத்தில் ஒளிந்திருக்கும், சில சாவிகளில் பலகையிலேயே இருக்கும். பழைய கூட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், வேலை முடிந்து வண்டி ஓடும் வரை பழைய கூட்டைக் குப்பையில் போட விடாதீர்கள்.

பேட்டரி மாற்றும்போது எல்ஐஆர்2032 என்று ரீசார்ஜ் ரகம் கொடுத்தால் வாங்காதீர்கள், முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும், 3 வோல்ட்டுக்குச் செய்த பலகை.

கொங்குவண்டி

ஒயரைப் பில்லரில் ஏற்றி, கேமராவைச் சாவி ஃபியூஸுக்கு மாற்றியாயிற்று. பால்கனியிலிருந்து அமுக்கினேன், இண்டிகேட்டர் மின்னியது, தெருநாய் ஒன்று பயந்து எழுந்து ஓடியது. இரண்டு ரிமோட்டும் அப்படியே. அனைவருக்கும் நன்றி.

ஒரே ஒரு மிச்சம்: முதல் ரிமோட்டில் 'திற' பட்டனை அழுத்தமாக அமுக்க வேண்டியிருக்கிறது, 'பூட்டு' பட்டன் சாதாரணமாக இருக்கிறது. இதுவும் ரேஞ்ச் பிரச்சினையா? அப்புறம், பீரோவில் இருந்த ரிமோட் முதல் அமுக்கலுக்குத் திறக்கவில்லை, இரண்டாவதற்குத்தான் திறந்தது. அதன் பிறகு சரி.

பழையசாலிடர்

பட்டன் தேய்ந்திருக்கிறது, ரேஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் நாலு கால் டேக்ட் ஸ்விட்ச்தான், ஆனால் தண்டு உயரத்தை அளந்து அதே உயரத்தில் வாங்குங்கள், அரை மில்லிமீட்டர் கூடினாலும் கூட்டை மூடியதும் பட்டன் எப்போதும் அமுங்கியே இருக்கும்.

இரண்டாவது விஷயம் ரோலிங் கோட். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ரிமோட்டில் எண் ஒன்று கூடும். இந்த வகை கிட்களில் பரவலாக இருக்கும் கீலாக் முறையில் ரிசீவர் அடுத்த 16 எண்கள் வரை ஒரே அமுக்கலில் ஏற்கும். பீரோவில் துணிக்கு அடியில் அமுங்கியோ, பிள்ளைகள் கையில் விளையாட்டுக்கோ எண் அதைத் தாண்டி ஓடியிருந்தால், தொடர்ச்சியாக இரண்டு சரியான எண் வந்த பிறகுதான் நம்பும். உங்களுடையது நம்பிவிட்டது, ஒன்றும் செய்ய வேண்டாம்.